பாலுண்ணி: பயமும் வேண்டாம், பிளேட்டும் வேண்டாம்



கையிலும் காலிலும் சொரசொரப்பாக முளைக்கும் சிறு கட்டியைப் பாலுண்ணி என்கிறோம். மரு என்றும் சொல்கிறோம். சிறிய விடயம்தான். ஆனாலும் மாதர் குழுக் கூட்டம் முடிந்து மற்றவர்கள் போகும் வரை காத்திருந்து, சேலைத் தலைப்புக்குள் மறைத்த கையை நீட்டிக் காட்டும் பெண்கள் இருக்கிறார்கள். "இது புற்றுநோயா மிஸ்?" என்பதே அவர்களின் கேள்வி.

இல்லை. பாலுண்ணி மனித பப்பிலோமா வைரஸ் என்ற கிருமியால் வருவது. இதில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கைகால்களில் பாலுண்ணியை உண்டாக்கும் வகைகள் வேறு; கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணமாகும் 16ஆம், 18ஆம் வகைகள் வேறு. 2017 முதல் எமது நாட்டில் தரம் 6 மாணவிகளுக்கு ஏற்றப்படும் தடுப்பூசி அந்தப் புற்றுநோயைத் தடுப்பதற்கானது. அதை மறக்காமல் பிள்ளைக்குப் போடுவியுங்கள்.

பாலுண்ணிக் கிருமி தோலில் உள்ள சிறு கீறல் வழியாக உள்ளே போகிறது. போய்ப் பல வாரங்கள், சில வேளை பல மாதங்கள் கழித்தே கட்டி தெரியும். ஒரே துவாயைப் பலர் பாவிப்பது, ஈரமான குளிக்கும் இடத்தில் வெறுங்காலுடன் நிற்பது, நகத்தைக் கடிப்பது, பாலுண்ணியைச் சொறிவது ஆகியவை இது பரவ வழிசெய்யும். முகாம்களிலும் நெருக்கமான வீடுகளிலும் இவற்றைத் தவிர்ப்பது கடினம் என்பது தெரியும். ஆனாலும் துவாயையும் செருப்பையும் தனியாக வைத்திருக்க முயலுங்கள்.

ஒரு தையல் வகுப்பில், விரலில் பாலுண்ணி இருந்த தங்கை ஒருத்திக்குத் தேநீர்க் கோப்பையைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஊரை விட்டு ஊர் இடம்பெயர்ந்து, கைத்தொழிலை நம்பி வந்தவளுக்கு அந்தக் கோப்பை கொடுத்த வலி, பாலுண்ணி கொடுத்ததை விடப் பெரியது. பக்கத்தில் இருப்பதாலும் ஒன்றாகச் சாப்பிடுவதாலும் அஞ்ச வேண்டியதில்லை. பாலுண்ணி மீது ஒரு பிளாஸ்டர் ஒட்டினால் போதும்.

அடுத்தது, வீட்டுக் கைவைத்தியம். சுண்ணாம்பும் சவர்க்காரமும் குழைத்துப் பூசுவது, எருக்கலம்பால் விடுவது, பற்றரி அமிலம் தொட்டு வைப்பது, பிளேட்டால் சீவுவது எல்லாம் நடக்கின்றன. இவை நல்ல தோலையும் சுட்டுப் புண்ணாக்கும், தழும்பை விடும். சீவினால் இரத்தம் வரும், கிருமியும் பரவும். நேர்த்தி வைத்த பின் மாறியது என்று சிலர் சொல்வதும் உண்மைதான். பாலுண்ணி, குறிப்பாகப் பிள்ளைகளில், ஒன்றிரண்டு வருடங்களில் பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும். உடலின் எதிர்ப்புச் சக்தி கிருமியை அடையாளம் கண்டுகொள்வதே காரணம். ஆகவே வலியோ தொந்தரவோ இல்லையென்றால் பொறுத்திருப்பதும் ஒரு வைத்தியமே.

காத்திருக்க விரும்பாவிட்டால், சலிசிலிக் அமிலம் சேர்ந்த பாலுண்ணி மருந்தைப் பாமசியில் கேட்டு வாங்கலாம். பாவிக்கும் முறை இது:

1. இரவில் அந்த இடத்தை ஐந்து நிமிடம் இளஞ்சூட்டு நீரில் ஊற வையுங்கள்.
2. மேல் தோலை நகம் தேய்க்கும் அட்டையால் மெதுவாகத் தேயுங்கள். அந்த அட்டையை வேறெதற்கும் பாவிக்க வேண்டாம்.
3. சுற்றியுள்ள நல்ல தோலில் வாஸ்லின் பூசி, பாலுண்ணி மீது மட்டும் மருந்தை இட்டு உலர விடுங்கள்.

பொறுமை வேண்டும், மூன்று மாதம் வரை எடுக்கலாம். புண்ணானால் சில நாட்கள் நிறுத்துங்கள். முகத்திலும் பிறப்புறுப்பிலும் இதைப் பூசவே கூடாது. நீரிழிவு உள்ளவர்களும், காயத்தால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களும், கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்காமல் தொட வேண்டாம். இதனால் மாறாவிட்டால், வசதியுள்ள தோல் நோய்க் கிளினிக்குகளில் திரவ நைதரசனால் உறைய வைத்து அகற்றுவார்கள்.

பாலுண்ணி போலத் தோன்றினாலும் உடனே காட்ட வேண்டியவை உண்டு. எங்கள் பெண்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை இவைதான்.

பழைய எரிகாயத் தழும்பிலோ, நீண்ட காலம் ஆறாத காயத்திலோ புதிதாகக் கட்டியோ புண்ணோ வந்தால் தாமதிக்க வேண்டாம். ஆண்டுகள் பல கழித்து, அரிதாக, அங்கே தோல் புற்றுநோய் வருவதுண்டு. இரத்தம் வடிகிற, வேகமாக வளர்கிற, நிறம் மாறுகிற கட்டியும் அப்படியே.

செயற்கைக் கால் பாவிப்பவர்களுக்கு, துண்டித்த காலின் நுனித் தோல் பாலுண்ணி போலத் தடித்து வரலாம். கால் சரியாகப் பொருந்தாததால் இது வருவதுண்டு. மருந்து பூசிப் பயனில்லை. கால் பொருத்திய நிலையத்துக்குப் போய்க் குழியைச் சரிசெய்விக்க வேண்டும்.

பிறப்புறுப்பில் வரும் மரு பாலுறவால் தொற்றும் வேறு வகை. அரசாங்கத்தின் பாலியல் நோய்க் கிளினிக்குகளில் இரகசியம் காத்து இலவசமாகச் சிகிச்சை தருகிறார்கள். யாரிடம் இருந்து வந்தது என்று ஊர் கேட்கும் கேள்விக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

அரச வைத்தியசாலையில் காட்டுவதற்குப் பணம் வேண்டியதில்லை. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், குழுவில் ஒருவரைத் துணைக்குக் கூட்டிச் செல்லுங்கள். அடுத்த வீட்டுப் பெண் கேட்டால் நீங்களும் துணைக்குப் போங்கள்.