பேட்டரியை மாற்றும் முன் அளந்து பாருங்கள்

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டு ஜூன் கடைசியில் தில்லி திரும்பும் நம் வீடுகள் பலவற்றில் முதல் வேலை, கார் மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்புவதுதான். சாவியைத் திருகினால் 'டக் டக்' என்ற சத்தத்தோடு சரி. வருகிறவர் பானெட்டைத் திறந்து பார்த்து, "பேட்டரி பைட் கயீ ஹை, சாப்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். நாலாயிரம், ஐயாயிரம் கொடுத்துப் புதியது போடுகிறோம். தீபாவளிக்கு நாலு நாள் வெளியூர் போய்வந்தால் அதுவும் 'உட்கார்ந்து' இருக்கிறது. பணம் போனது ஒருபுறம். நடு இரவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது இப்படி ஆனால்?

மெக்கானிக்கை ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். அவர் சோதித்தபோது பேட்டரி பலவீனமாக இருந்தது உண்மையே. நாலைந்து வருடம் உழைத்த பேட்டரி வயதாகிப் போவதும் உண்டு. ஆனால் பல சமயம் அந்தப் பலவீனமே விளைவுதான். கார் பேட்டரி, எஞ்சினைக் கிளப்பச் சில விநாடி நிறைய மின்சாரம் கொடுத்துவிட்டு உடனே நிரம்பிக்கொள்வதற்காகச் செய்யப்பட்டது. அடிவரை வற்றி அப்படியே கிடந்தால் ஈயத் தகடுகளில் சல்ஃபேட் இறுகிப் படிந்துவிடும். வற்றவைத்தது எது என்று யாரும் கேட்பதில்லை.

நிறுத்திவைத்த காரும் கொஞ்சம் மின்சாரம் குடித்துக்கொண்டேதான் இருக்கும், கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டர் இவற்றுக்காக. பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் குற்றமில்லை. அதுவே நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி. சின்னக் கார்களின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி இதற்கு ஒரு மாதம்கூடத் தாங்காது. டிக்கியில் அணையாத 5 வாட் பல்பு ஒன்று இருந்தால் நாளுக்குச் சுமார் 10 போகும். நாலு நாளில் கதை முடிந்தது.

ஆகவே பணத்தை எடுக்குமுன், "எத்தனை மில்லி ஆம்பியர் இழுக்கிறது, அளந்து காட்டுங்கள்" என்று கேட்க வேண்டும் என்பது என் கட்சி. சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். சார்ஜ் செய்த பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, வயருக்கும் முனைக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணைக்க வேண்டும். பிறகு அவசரம் கூடாது. கதவுகளை மூடி, சாவியை எட்ட வைத்துவிட்டு அரைமணி நேரம் காத்திருங்கள். புதிய கார்களின் கம்ப்யூட்டர்கள் தூங்கப்போக அவ்வளவு நேரம் ஆகும். விழித்திருக்கும்போது எடுத்த அளவு வெறும் பயமுறுத்தல். மீட்டர் இணைப்பில் இருக்கையில் ஸ்டார்ட் செய்யவே கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

அளவு அதிகமென்றால் காரின் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். (ஃபியூஸ் பெட்டி உள்ளே இருந்தால், தொடங்குமுன்பே கதவின் சுவிட்சை அழுத்திக் கட்டிவிட வேண்டும்.) எதை எடுத்ததும் எண் இறங்குகிறதோ, அந்த வழியில்தான் திருடன். பிற்பாடு பொருத்தியவற்றையே நான் முதலில் சந்தேகிப்பேன்: டேஷ் கேமரா, ஜி.பி.எஸ். கருவி, எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்டீரியோ. அதன் மஞ்சள் வயருக்கு எப்போதும் மின்சாரம் வேண்டும், சிவப்புக்குச் சாவி போட்டால் மட்டும். சோம்பல்பட்டவர்கள் இரண்டையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றிவிடுகிறார்கள். பாட்டு நன்றாகவே பாடும், நமக்கும் சந்தேகம் வராது. ஃபாஸ்டேக் மீது பழி போட வேண்டாம், அது பேட்டரியைத் தொடுவதே இல்லை.

எந்த ஃபியூஸை எடுத்தும் எண் இறங்காவிட்டால் ஆல்டர்னேட்டரின் டயோடு கெட்டிருக்கலாம். அதை நல்ல ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

ஒரு மாதம் ஊருக்குப் போகிறவர்கள் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுப் போகலாம். அலாரமும் ரிமோட்டும் அப்போது வேலை செய்யா. கதவைச் சாவி போட்டுத்தான் பூட்ட வேண்டியிருக்கும்.