பின்னல் வேலைக்கு முதலில் ஒரு பை

பாடசாலைக் கண்காட்சிக்கு முந்திய இரவில்தான் எங்களில் பலருடைய பின்னல் வேலை முடிவடைகிறது. அதுவும் பெரும்பாலும் உம்மாவின் கையால், அல்லது ராத்தாவின் கையால். மறுநாள் மேசையில் எங்கள் பெயர் எழுதிய அட்டையோடு அந்தத் தொப்பி அழகாக இருக்கும். இதைச் சோம்பல் என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அது முழுக் காரணமாகத் தெரியவில்லை. தொடங்கிய வேலை எங்கே கிடந்தது என்று பாருங்கள். ஒரு சிலி சிலி பேக்கில் சுற்றப்பட்டு, அலுமாரியின் அடித்தட்டில் கிடந்தது. அதை வெளியே கொண்டுபோக முடியாது. ஊசி பேக்கைக் குத்திக்கொண்டு வெளியே வரும். நூல்பந்து பஸ்ஸின் ஆசனத்துக்கடியில் உருண்டு, சேறு பூசிக்கொண்டு திரும்பி வரும். வகுப்பில் தொட்டாலே பேக் சலசலக்கும், டீச்சர் திரும்பிப் பார்ப்பார்.

ஆகவே எனது கருத்து இதுதான். பின்னல் கற்பிக்கும்போது தொப்பியையோ பேபி சொக்ஸையோ முதல் வேலையாகக் கொடுக்கக் கூடாது. முதல் வேலை, அந்த வேலையைச் சுமந்து செல்லும் பையாக இருக்க வேண்டும். அதை நாமே வெட்டி, நாமே தைக்க வேண்டும்.

பெண்களின் கைவேலைக்கு ஒரு குணம் உண்டு. அது தொடர்ந்து நடப்பதில்லை. அடுப்பில் சோறு பொங்கும், தம்பி அழுவான், அதான் கேட்கும், விருந்தாளி வருவார். இரண்டு மணித்தியாலம் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரும் வசதி எங்கள் வீடுகளில் யாருக்கு இருக்கிறது? வேலையை வரியின் நடுவில் நிறுத்தி, குலையாமல் வைத்து, பத்து நிமிடம் கிடைக்கும்போது மறுபடி எடுக்க ஓர் இடம் வேண்டும். ஒழுங்கான பை அந்த இடத்தைத் தருகிறது. கண்டியிலிருந்து பேராதனை, ஹிந்தகல வழியாகக் கலஹாவுக்கு ஏறும் பஸ்ஸில் போகிற நேரத்தை எண்ணிப் பாருங்கள். தெல்தோட்டை வரை போகிறவர்களுக்கு அது இன்னும் நீளும். அந்த வளைவுகளில் புத்தகத்தைத் திறந்தால் தலை சுற்றும். ஆனால் பழகிய பின்னலுக்கு விரல்களே போதும், கண் அவ்வளவாகத் தேவையில்லை. (ஆசனம் கிடைத்தால் மட்டும். நின்றுகொண்டு போகும்போது நீள ஊசியை வெளியே எடுப்பது பக்கத்தில் நிற்பவருக்குச் செய்யும் அநியாயம்.)

பையின் அளவை ஊசிதான் தீர்மானிக்கிறது. கடைகளில் கிடைக்கும் நேர் ஊசிகள் பெரும்பாலும் 30 அல்லது 35 சென்ரிமீற்றர் நீளமானவை. அவற்றுக்கு 40 சென்ரிமீற்றராவது நீளமான பை வேண்டும். குரோஷே ஊசி ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர்தான். அதற்கு 25 சென்ரிமீற்றர் உயரமான சின்னப் பையே தாராளம். முதல் முயற்சிக்குக் குரோஷே பையையே நான் சொல்வேன். வெளித்துணிக்கு இரண்டு துண்டு, உட்துணிக்கு அதே அளவில் இரண்டு துண்டு. வெளித்துணியின் பக்கங்களையும் அடியையும் தைத்த பிறகு, அடி மூலைகள் இரண்டையும் கூம்பாக இழுத்துப் பிடித்துக் குறுக்கே ஒரு தையல் போடுங்கள். இதைச் செய்தால்தான் பை தட்டையாகக் கிடக்காமல் தானாக நிற்கும், நூல்பந்தும் உள்ளே தாராளமாகச் சுழலும். உட்துணியையும் இப்படியே தைத்து, அதன் அடியில் மட்டும் ஒரு கையகலம் திறந்து விடுங்கள். இரண்டின் நல்ல பக்கங்களும் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து வாயைச் சுற்றித் தைத்து, விட்ட இடைவெளியால் முழுவதையும் வெளியே புரட்டி எடுத்தால், பிசிர் விடும் ஓரமெல்லாம் உள்ளே மறைந்துவிடும். பிசிர்தான் கம்பளி நூலுக்கு முதல் எதிரி.

சிப் வைக்காதீர்கள். அது நூலைக் கடித்துக்கொண்டால் விடாது. ஒட்டுப் பட்டி அதைவிட மோசம், முடித்த பின்னலையே பிய்த்துவிடும். நாடா கோர்த்து இழுத்து முடிவதே நல்லது. நூல் வெளியே வருவதற்குப் பையில் ஓட்டை போடுகிறவர்கள் உண்டு. பார்க்க அழகுதான், ஆனால் நூலை வெட்டாமல் பின்னலைப் பையிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. அதைவிட, உட்பக்கத்தில் விரல் நீள நாடாத் துண்டொன்றை வளையமாக மடித்துப் பிரஸ் பட்டன் வைத்தால், வேண்டும்போது திறந்து நூலை எடுத்துக்கொள்ளலாம். கைப்பிடியில் ஒன்றை நீளமாகவும் மற்றதைக் குட்டையாகவும் வைத்து, நீளமானதைக் குட்டையானதற்குள் நுழைத்து மணிக்கட்டில் மாட்டுவது ஜப்பானியர் முறை. பை கையிலேயே தொங்கும், இரண்டு கைகளும் பின்னிக்கொண்டிருக்கும்.

துணிக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. எங்கள் மழைக்கு வருடம் ஒரு குடையாவது ஒவ்வொரு வீட்டிலும் உடைகிறது. அதன் கம்பிகளைக் கழற்றினால் பெரும்பாலும் எட்டு முக்கோணத் துண்டுகள் கிடைக்கும். வழுக்கும் துணி, நீரும் இலகுவில் புகாது. உட்துணிக்கு இதைவிடப் பொருத்தமானது கடையில்கூடக் கிடைக்காது. வெளியே சிறுத்துப்போன சீருடையோ, பழைய திரைச்சீலையோ போதும். அமெரிக்காவில் 1930களில் மாவும் கால்நடைத் தீனியும் துணிச் சாக்குகளில் விற்கப்பட்டபோது, பெண்கள் அந்தச் சாக்கில் உடுப்பு தைப்பதைக் கண்ட கம்பனிகள் பூப்போட்ட துணியிலேயே சாக்குத் தைக்கத் தொடங்கின. மீதொட்டமுல்லவில் குப்பைமலை சரிந்த 2017ஆம் ஆண்டிலேயே, செப்டெம்பர் முதல், 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீன் எமது நாட்டில் தடை செய்யப்பட்டது. ஆயினும் எங்கள் பின்னல் வேலை இன்னும் பொலித்தீனில்தான் கிடக்கிறது.

பையைப் பற்றிப் பேசும்போது முதுகில் கூடை சுமக்கும் பெண்களை மறந்துவிட முடியாது. கூடைக் கயிற்றை நெற்றியில் மாட்டி, இரண்டு கைகளாலும் கொழுந்து கிள்ளும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஸ்கொட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகளின் பழைய புகைப்படங்களைப் பார்த்தால் திடுக்கிடுவீர்கள். அங்கும் பெண்களின் முதுகில் கூடை. உள்ளே அடுப்பெரிக்க வெட்டிய சதுப்புமண் கட்டிகள். அவர்களுடைய கைகளோ நடந்துகொண்டே பின்னுகின்றன. இடுப்பில் துளைகள் கொண்ட ஒரு தோல்பட்டை இருக்கும், ஓர் ஊசியின் முனையை அந்தத் துளையில் செருகிக்கொள்வார்கள். ஒரு நிமிடத்தையும் வீணாக்காத பெண்கள் என்று அந்தப் படங்களைக் காட்டிப் புகழ்கிறார்கள். புகழ்கிறவர்கள் மிச்சக் கதையையும் சொல்ல வேண்டும். 1872இல் பிரித்தானிய ஆணைக்குழுவொன்று அங்கே சென்று விசாரித்தபோது, பின்னிய சால்வைக்கும் காலுறைக்கும் வியாபாரிகள் காசு கொடுப்பதில்லை, துணியும் தேயிலையும்தான் கொடுக்கிறார்கள் என்று பெண்கள் சாட்சி சொன்னார்கள். கூலியாகக் கிடைத்த தேயிலையைக் கொண்டுபோய்க் கொடுத்து மாவு வாங்க வேண்டிய நிலை சிலருக்கு.

கூலி தேயிலையாகக் கொடுக்கப்பட்ட அந்தக் காலத்தில், கலஹாவுக்கு அப்பால் லூல்கந்துரவில் ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்டு ஐந்து வருடம் ஆகியிருந்தது. எங்கள் மலைகளிலும் கணக்கு வேறு விதமாக இருக்கவில்லை. குளிருக்குத் தோட்டத்தில் கொடுத்த கறுப்புக் கம்பளியின் விலையைக் கூலியில்தான் கழித்தார்கள். அங்கே கம்பளியைப் பின்னியவளுக்கும் காசு இல்லை, இங்கே கம்பளியைப் போர்த்தியவளுக்கும் காசு மிச்சமில்லை.

இந்த இடத்தில் ஒரு ஆட்சேபம் வரும். விஞ்ஞானமும் கணிதமும் படிக்க வேண்டிய பிள்ளைகளை மறுபடி ஊசியோடு உட்கார வைப்பதா? நியாயமான கேள்வி. பின்னல் பெண்ணுக்கென்றே விதிக்கப்பட்ட வேலை என்று எவராவது சொன்னால் நானும் எதிர்ப்பேன். பெரு நாட்டின் டிட்டிகாகா ஏரியில் தக்கீலே என்றொரு தீவு உண்டு. அங்கே தொப்பி பின்னுவது ஆண்களின் வேலை. தம்பிமாருக்கும் ஒரு பை தைத்துக் கொடுங்கள் என்பதே எனது பதில். அத்தோடு, எமது மார்க்க வரலாற்றில் அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோல் பதனிட்டு, தைத்து, அந்த வருமானத்தைத் தம் விருப்பப்படி ஏழைகளுக்கு வழங்கியவர்கள். கைத்தொழில் அவர்களைச் சிறுமைப்படுத்தவில்லை. வருமானம் அவர்களுடையதாக இருந்தது, அதைத் தருமமாகக் கொடுக்கும் உரிமையும் அவர்களுடையதாக இருந்தது. பின்னிய தொப்பியை யாரோ ஒருவர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வருகிற எங்கள் வீட்டுப் பெண்களிடம் இல்லாதது இதுதான்.

அதனால் பையின் உட்பக்கத்தில் இன்னொரு பொக்கெட்டையும் தைக்கச் சொல்கிறேன். ஊசிக்கும் கத்தரிக்கும் ஒன்று, சின்னக் கொப்பிக்கு ஒன்று. நூல் வாங்கிய விலையை அதில் எழுதுங்கள். பையைத் திறக்கும் நேரத்தையும் மூடும் நேரத்தையும் எழுதுங்கள். ஒரு தொப்பிக்கு 300 ரூபா நூலும் 8 மணித்தியாலமும் சென்றன என்று வைத்துக்கொள்வோம். அதை 500 ரூபாவுக்குக் கொடுத்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 25 ரூபா. அந்தக் காசுக்கு டவுனில் ஒரு பிளேன்டீயாவது கிடைக்குமா? பொழுதுபோக்குத்தானே என்று சொல்லி விலையைக் குறைப்பவரிடம் வாயால் வாதாடுவது கஷ்டம். கொப்பியை நீட்டுவது சுலபம்.

வரும் வருடக் கண்காட்சியில், முடித்த தொப்பிக்குப் பக்கத்தில் அது வளர்ந்த பையையும் வைக்க டீச்சர்மார் அனுமதிக்க வேண்டும். கொப்பி திறந்தபடி இருக்கட்டும். அன்று வருகிற உம்மாமாரில் எத்தனை பேர் தொப்பியை விட்டுவிட்டு, குனிந்து அந்தக் கணக்கை வாசிக்கிறார்கள் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது.