முன் சக்கரத்துக்குப் பழைய டயரா? போங்கய்யா!

ஐப்பசி மழை வந்தாலே சைக்கிள் கடை அண்ணன்களிடம் ஒரே பாட்டுதான் மக்களே: "தம்பி, பின் டயர்தான் சீக்கிரம் தேயும். புதுசைப் பின்னாடி போட்டு, பழசை முன்னாடி மாத்திக்கலாம். காசு மிச்சம்!"

பி.காம் படிப்பவனுக்கே தேய்மானக் கணக்கா?

பின் டயர் சீக்கிரம் தேய்வது உண்மைதான். எடையில் பெரும்பங்கும் பெடல் மிதிக்கும் விசையும் அதன் தலையில்தான். ஆனால் பின் சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் வழுக்கினால் நேரே தரைதான். போன கார்த்திகையில், அப்படி மாற்றிப் போட்ட வழவழ டயரோடு ஈரச் சாலையில் திரும்பியபோது என் முழங்கை படித்த பாடம் இது.

ஆகவே, புதுசு முன்னாடி. முன்னாடி இருந்தது பின்னாடி. 2008-ல் மறைந்த அமெரிக்க சைக்கிள் மெக்கானிக் ஷெல்டன் பிரவுனும் இதைத்தான் எழுதி வைத்தார்.

அப்புறம், கார் டயர் மாதிரி ஆழமான பட்டன் இருந்தால்தான் மழையில் பிடிக்கும் என்பதும் புருடா. சைக்கிள் டயர் குறுகல், வேகமும் குறைவு. தண்ணீர் மேல் மிதக்காது. தார்ச்சாலையில் பிடிப்பு தருவது மென்மையான ரப்பரும், கொஞ்சம் அகலமும், கல்லு மாதிரி அடிக்காத காற்றும்தான்.

மிச்சம் பிடிக்கும் சில நூறு ரூபாய் மாவுக்கட்டுக்குக் காணாதுங்க!