எத்தனை மணிக்கு அடிபட்டது?

சாலையில் யாராவது அடிபட்டு விழுந்தால் நம் ஊரில் முதலில் கேட்கும் குரல், "ஓடிப்போய் ஒரு சோடா வாங்கிட்டு வாப்பா" என்பதுதான். முகத்தில் சோடா தெளிப்பார்கள், வாயில் தண்ணீர் ஊற்றுவார்கள். தொடையிலிருந்து ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் ஒரு கை படாது. நல்ல மனசு, குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த நிமிடத்துக்குத் தேவை தோளில் கிடக்கும் துண்டு. நாலாக மடித்துக் காயத்தின்மேல் வைத்து, உடம்பின் பாரம் முழுவதும் இறங்க அமுக்க வேண்டும். நின்றுவிட்டதா என்று தூக்கிப் பார்க்கக் கூடாது. துணி நனைந்தால் மேலேயே இன்னொரு துணி. காப்பித்தூள் அப்பும் வேலை வேண்டாம்.

அடுத்தது மருந்து. டிரானெக்சாமிக் அமிலம் ஒன்றும் புதிதல்ல. மாதவிடாயில் உதிரப்போக்கு மிகுந்தால் நம் வீட்டுப் பெண்கள் விழுங்கும் அதே மருந்துதான். ஜப்பானில் உதாகோ ஒகமோதோவும் அவர் கணவரும் 1962-இல் கண்டறிந்தது. உறைந்த ரத்தம் கரைந்துவிடாமல் காக்கும். விபத்துக் காயத்துக்கும் இது உதவுமா என்று கிராஷ்-2 ஆய்வில் சோதித்தார்கள். இந்தியா உள்பட 40 நாடுகள், 274 மருத்துவமனைகள், 20,211 நோயாளிகள். 2010-இல் முடிவு வந்தது: சாவு 16 சதவீதத்திலிருந்து 14.5 ஆகக் குறைந்திருந்தது. மறுஆண்டு வந்த அலசல் இன்னும் முக்கியம். அடிபட்ட ஒரு மணி நேரத்துக்குள் ஊசி போட்டவர்களிடம் ரத்தப்போக்கால் வரும் சாவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மூன்று மணி நேரம் கடந்து போட்டவர்களிடம் அது கூடியது!

ஆக, மருந்து ஒன்றுதான். கடிகாரம்தான் அதை மருந்தாகவோ கேடாகவோ ஆக்குகிறது. அந்தக் கடிகாரம் நம் எல்லாரிடமும் இருக்கிறது. கையில் ஊசி இருந்தும் போடாமல், "ஜி.எச்.சுக்கே கொண்டு போயிடுங்க" என்று வாசலோடு திருப்பி அனுப்பும் சிறு மருத்துவமனைக்கு அதில் பங்கு உண்டு. 108 வண்டிக்கு ஒதுங்காத காருக்கும் உண்டு.

2022-இல் மட்டும் தமிழ்நாட்டுச் சாலைகளில் 17,884 பேர் இறந்தார்கள். அரசு சும்மா இருக்கவில்லை. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. உதவிக்கு வந்தவர் பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை என்று 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் சொல்கின்றன. இருந்தும், "ஸ்டேஷன், கோர்ட்டுன்னு எவன் அலையறது" என்று கூட்டம் கலைகிறது. அந்தப் பயத்தைப் போக்க வேண்டியது காவல்துறையின் பங்கு.

ஏனென்றால், அடிபட்ட நேரம் சரியாகத் தெரிந்தவர் அங்கே நின்றிருந்த டீக்கடைக்காரர்தான். அவர் பெயரைச் சொல்ல வேண்டாம். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது, "ஏழே காலுக்கு அடிபட்டாருங்க" என்று மட்டும் சொல்லட்டும். வண்டியில் வருபவர் அதை நோயாளியின் சீட்டில் எழுதிக்கொள்ளட்டும்.