லா பாஸ் போனா ரோப் கார்ல போங்க

பொலிவியாவின் லா பாஸ் பற்றிய டிராவல் வீடியோக்களில் பாதி, சூனியக்காரிகள் சந்தையில் தொங்கும் காய்ந்த லாமா கருவிலேயே முடிஞ்சுடுது. (சட்டப்படி தலைநகர் சுக்ரே, அரசாங்கம் நடப்பது லா பாஸில்.) என்னைக் கேட்டால், அங்கே பார்க்க வேண்டியது ரோப் கார்.

அதுக்கு முன்னாடி மூச்சு. விமான நிலையம் இருக்கும் எல் ஆல்ட்டோ 4,000 மீட்டருக்கு மேல், நகர மையம் சுமார் 3,600. நம்ம ஊட்டியே 2,240 தான். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. முதல் நாள் ஊர் சுத்தாதீங்க, வயிறு முட்டச் சாப்பிடாதீங்க, சரக்கு வேண்டவே வேண்டாம். கோகா டீ தருவாங்க, குடிக்கலாம். ஆனா அந்த இலையைப் பெட்டியில் போட்டு இந்தியாவுக்குக் கொண்டுவந்தா போதைப்பொருள் கேஸ்.

மறுநாள் மி டெலிஃபெரிகோ. 2014-ல் ஆரம்பிச்சது, இப்போ 10 லைன், டிக்கெட் சில பொலிவியானோ மட்டுமே. இதுக்குப் போய் டூர் பேக்கேஜ் எடுப்பது தண்டச் செலவு. அது ஜாலி ரைடு இல்லை, அந்த ஊர் டவுன் பஸ். எல் ஆல்ட்டோவில் மஞ்சள் லைன் ஏறி, பச்சைக்கு மாறி, தெற்கே கடைசி வரைக்கும் போங்க. மேலே பூசாத செங்கல் வீடுகள். இறங்க இறங்க அபார்ட்மென்ட், அப்புறம் தோட்டம் வைத்த பங்களா. குளிரும் மூச்சுத்திணறலும் மேலே, அதனால் காசுள்ளவங்க கீழே. எந்த சிட்டி டூரும் இவ்வளவு நேரடியாக இதைக் காட்டாது.

கேபினில் ஏறினதும் ஒரு வணக்கம் சொல்லுங்க. எதிரே வட்டத் தொப்பியும் அடுக்குப் பாவாடையுமா உட்கார்ந்திருக்கிற அம்மாவைக் கேட்காம போட்டோ எடுக்காதீங்க. அவங்க வேலைக்குப் போயிட்டிருக்காங்க.