நெற்றியில் எழுதுகிறவன்

சென்ற இதழில் யுத்தப் படங்களைப் பற்றி எழுதிய நண்பர், அவற்றில் வருகிற மருத்துவச் சிப்பாயை இரக்கத்தைக் கிளறச் செருகப்படும் துணைப்பாத்திரம் என்று ஒரே வரியில் ஒதுக்கியிருக்கிறார். எனக்குச் சம்மதமில்லை. ஒரு யுத்தப் படம் நிஜமா பம்மாத்தா என்று உரைத்துப் பார்க்க அவனைத் தவிர வேறு கல் இல்லை என்பது என் கட்சி.

குண்டு பட்டதற்கும் சாவுக்கும் நடுவில் கொஞ்சம் நேரம் இருக்கிறது. தொடையின் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிஷங்கள்; வயிற்றில் பட்டால் மணிக்கணக்கு. அந்த நேரம்தான் மருத்துவச் சிப்பாயின் களம். நம் சினிமா அதை என்ன செய்கிறது? கதாநாயகனுக்கு வசனம் பேசக் கொடுத்துவிடுகிறது. மார்பில் மூன்று குண்டுகளோடு அவன் தாய்நாட்டைப் பற்றி ஒரு பக்கம் பேசித் தலை சாய்க்கிறான். வயலின்கள் எழும்புகின்றன. அப்போது ஒருவன் கத்தரியும் பஞ்சுமாக ஓடிவந்து சட்டையைக் கிழித்தால் வசனம் கெட்டுப்போகும். ஆகவே அவன் வருவதில்லை. இது டைரக்டரின் மறதியல்ல, தேவை.

நான் கிணத்துக்கடவில் ஒரு பாங்குக் கிளையில் குமாஸ்தா. நவம்பர் மாதம் உயிர்வாழ் சான்று கொடுக்க வருகிற பென்ஷன்காரர்களில் ஒருவர் ராணுவ மருத்துவப் படையில் நர்சிங் அசிஸ்டெண்டாக இருந்தவர். 1987-ல் அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர். இப்போது தக்காளி போட்டிருக்கிறார். நான் பார்த்த ஒரு யுத்தப் படத்தைப் பற்றி அவரிடம் உற்சாகமாகப் பேசினேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “ஏனுங் தம்பி, அடிபட்டவன் நெத்தியில யாராச்சும் எழுதுனாங்களா?” என்றார். எனக்குப் புரியவில்லை. மார்பியா ஊசி போட்டதும் நெற்றியில் ‘எம்’ என்ற எழுத்தையும் போட்ட நேரத்தையும் எழுதிவிட வேண்டுமாம். பின்னால் இருக்கிற டாக்டர் தெரியாமல் இன்னொரு ஊசி போட்டால் மூச்சு நின்றுவிடும். “பேனா எழுதாதுங்க. ரத்தமும் வேர்வையுமா இருக்கும். தொடச்சுத் தொடச்சு எழுதோணும்” என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

இதே பத்திரிகையில் களப்பலியைப் பற்றிக் கவிதை எழுதியவன் நான். ரத்தம் சிவப்பு என்பதைத் தவிர அதில் ஒரு விஷயமும் கிடையாது.

சீனப் போரைப் பின்னணியாக வைத்து 1963-ல் தமிழில் ஒரு படம் வந்தது. பெயர் ‘இரத்தத்திலகம்’. நெற்றியில் நமக்கு எழுதத் தெரிந்தது அதுதான். திலகம் சாவை அலங்கரித்து முடித்துவைக்கிறது. அந்த ‘எம்’ இவன் இன்னும் உயிரோடிருக்கிறான், ஜாக்கிரதை என்று அடுத்தவனுக்குச் சொல்கிறது.

ஆட்கள் இல்லாமலில்லை. 1950 நவம்பரில் கொரியா போன இந்திய 60-வது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸுக்குத் தலைவர் லெஃப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ். ஆற்காட்டைப் பெயரில் வைத்திருந்தவர். பியோங்யாங்கிலிருந்து எல்லோரும் பின்வாங்கியபோது இவர்களுக்கு வண்டியில்லை. ஒரு பழைய நீராவி எஞ்சினைப் பிடித்துத் தண்ணீர் நிரப்பித் தாங்களே ஓட்டி மருத்துவச் சாமான்களைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். 1951 மார்ச் 23-ல் முன்சானில் அமெரிக்கப் பாராசூட் படையோடு அவரும் ஒரு சிறு குழுவும் குதித்தார்கள். மகாவீர் சக்ரா கிடைத்தது. அதே கொரியாவை வைத்து ஆல்ட்மன் 1970-ல் ‘மாஷ்’ எடுத்தார். நமக்கு ரங்கராஜின் பெயரே தெரியாது.

அவரை வைத்துப் படம் எடுங்கள் என்று நான் கேட்கவில்லை. எடுத்தால் பாராசூட் விரியும்போதே பாட்டு வந்துவிடும். ‘ஹாக்ஸா ரிட்ஜ்’ (2016) செய்ததும் ஏறக்குறைய இதுதான். ஒக்கினாவாவில் துப்பாக்கி தொடாமல் காயம்பட்டவர்களைக் கயிற்றில் இறக்கிய டாஸ் நிஜ மனிதர். படம் அவரைப் புனிதராக்கி நம் கைக்கெட்டாமல் வைத்துவிட்டது. ‘சேவிங் பிரைவேட் ரயன்’ (1998) படத்தில் வேட் என்ற மருத்துவச் சிப்பாய் சுடப்படுகிறான். சுற்றி நிற்பவர்களுக்கு எங்கே அழுத்துவது என்று தெரியவில்லை, அவனிடமே கேட்கிறார்கள். தன் காயத்தைத் தொட்டுப் பார்த்த அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. இன்னும் மார்பியா கேட்கிறான். பிரசங்கமில்லை. காயத்தைப் படிக்கத் தெரிந்தவனின் சாவு இப்படித்தான் இருக்க முடியும்.

அவனைச் சுடக்கூடாது என்று ஜெனீவா ஒப்பந்தம் சொல்கிறது. பசிபிக் தீவுகளில் சிலுவைப் பட்டையே குறியானதால் அமெரிக்க மருத்துவச் சிப்பாய்கள் அதைக் கழற்றிவிட்டார்கள். இவ்வளவு தூரம் போக வேண்டாம். 2009 தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு மருத்துவமனை மீது எறிகணைகள் விழுந்தன. மருத்துவமனை என்று தெளிவாக அடையாளமிட்டிருந்தும் விழுந்தன என்கிறது ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை. உள்ளே காயங்களைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் தமிழ் பேசியவர்கள். அவர்களும் துணைப்பாத்திரங்களா?

யாருக்குத் துணை என்று நண்பர் சொல்ல வேண்டும். முடியாவிட்டால் அந்த வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளட்டும். என் கவிதையை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.