கட்டறதா, கோர்ட்டுக்குப் போறதா?



சிங்காநல்லூர் உழவர் சந்தையில காய் இறக்கிட்டு டீக்கடைப் பக்கம் ஒதுங்கினா, இப்பெல்லாம் மழையைப் பத்திப் பேசறவங்களை விட சலானைப் பத்திப் பேசறவங்கதான் அதிகம். டிவிஎஸ் எக்ஸ்எல்லுல ரெண்டு மூட்டை கட்டிட்டு வர்றவருக்கு ஹெல்மெட் இல்லைன்னு ஆயிரம். போன்ல பேசிட்டே ஓட்டினா ஆயிரம். இன்சூரன்ஸ் முடிஞ்சிருந்தா ரெண்டாயிரம். லைசென்ஸ் இல்லைன்னா ஐயாயிரம். அன்னைக்கு வித்த தக்காளிக் காசு அங்கேயே போயிருது.

மொதல்லயே ஒண்ணு சொல்லிப்புடறேன். அபராதமே கூடாதுன்னு சொல்ற ஆள் நான் இல்லீங்க. 2022ல மட்டும் தமிழ்நாட்டுல 64,105 விபத்து, 17,884 பேர் செத்திருக்காங்க. ஒரு பெரிய கிராமத்துல இருக்கற மொத்த சனத்தை விட அதிகம். திருச்சி ரோட்டுல தினம் போற வர்றவனுக்கு இதை யாரும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்லை. தப்புப் பண்ணினவன் கட்டட்டும். என் கேள்வி வேற. தப்புப் பண்ணாதவனுக்குச் சலான் வந்தா, அவன் எங்க போய்ச் சொல்லோணும்?

விஷயம் எப்படி வந்துச்சுன்னு சுருக்கமா பார்ப்போம். 2019ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினாங்க. அந்த வருசம் செப்டம்பர் 1ல இருந்து அபராதமெல்லாம் பல மடங்கு ஏறுச்சு. நம்ம மாநிலத்துல உடனே வரலை. 2022 அக்டோபர்லதான் அரசாணை போட்டு அமலுக்குக் கொண்டு வந்தாங்க. அதுக்கு முன்னால ஹெல்மெட்டுக்கு நூறு ரூவா. நூறுன்னா ஆளுங்க முணுமுணுத்துட்டுக் கட்டிட்டுப் போயிருவாங்க, சரியா தப்பான்னு யாரும் கேக்க மாட்டாங்க. ஆயிரம்னு ஆன பொறவுதான் கேள்வி வந்துச்சு. அதே சமயத்துல கேமராவும் வந்துருச்சு. நிறுத்திப் பிடிக்க ஆள் வேண்டாம், படம் எடுத்து மெசேஜ் அனுப்பிருது.

எங்க பக்கம் நான் கேக்கற புகார்ல ரெண்டு ரகம் அடிக்கடி வருது. ஒண்ணு, வண்டி நம்பர் மாறி வர்றது. நம்பர் பிளேட்டுல சேறு அடிச்சிருந்தா 3ங்கறது 8 ஆயிரும். ஊருக்குள்ள நின்ன வண்டிக்கு வேற எங்கியோ போனதா சலான் வரும். ரெண்டாவது, வித்த வண்டி. நம்ம சனம் பழைய வண்டியைச் சந்தையில மாடு விக்கற மாதிரி கை மாத்திருவாங்க. ஆர்.சி. புக்கும் சாவியும் குடுத்துட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைப்பு. சட்டம் அப்படிச் சொல்லலை. நம்ம மாநிலத்துக்குள்ளயே வித்தா, வித்தவர் 14 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்கோணும். யார் பேர்ல பதிவு இருக்கோ அவர்தான் உரிமையாளர்னு 2018ல ஒரு விபத்து நஷ்டஈட்டு வழக்குல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. அதனால வாங்கினவன் மூணு பேரை வெச்சு ஓட்டினா, சலான் வித்தவர் பேருக்குத்தான் வரும்.

இதுலயும் ஒரு வேடிக்கை. மெசேஜ் எந்த நம்பருக்குப் போகுதுன்னு பல பேருக்குத் தெரியாது. வண்டி வாங்கறப்ப ஷோரூம்காரங்க தங்க நம்பரையே போட்டிருப்பாங்க, இல்லைன்னா மகனோட பழைய நம்பர் இருக்கும். சலான் போட்டது தெரியறதே எஃப்.சி. காட்டவோ பேர் மாத்தவோ போறப்பதான். அப்ப நாலு சலான் சேர்ந்து நிக்கும்.

சரி, "இது நான் இல்லீங்க"ன்னு சொல்ல வழி இருக்குதான்னு கேட்டா, ஏட்டுல இருக்குது. ஸ்பாட்ல கட்டற காசு தண்டனை இல்லை. கோர்ட்டுக்குப் போகாம முடிச்சுக்கறதுக்கான இணக்கக் கட்டணம், அவ்வளவுதான். கட்ட மாட்டேன்னு சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சொன்னா வழக்கு கோர்ட்டுக்குப் போகும். இப்ப இதுக்குன்னே மெய்நிகர் நீதிமன்றம்னு ஒண்ணு இருக்குது. 2019ல டில்லியில ஆரம்பிச்சது, தமிழ்நாட்டுலயும் இருக்குது. மாஜிஸ்திரேட் கம்ப்யூட்டர்ல பார்த்து அபராதம் போடுவார், நாம போன்லயே கட்டிக்கலாம். ஒத்துக்கறவனுக்கு இது ரொம்பச் சௌகரியம், நான் குறை சொல்லலை. ஆனா "ஒத்துக்க மாட்டேன்"னு அமுக்கினீங்கன்னா, கேஸ் நேரா வழக்கமான மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போயிருது. அதாவது கட்டறவனுக்குப் புது வாசல், கேக்கறவனுக்கு அதே பழைய வாசல்.

அந்தப் பழைய வாசல்ல என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். காலையில பால் கறந்து சொசைட்டிக்கு ஊத்திட்டு, பஸ் ஏறி கலெக்டர் ஆபீஸ் பக்கம் இருக்கற கோர்ட்டுக்குப் பத்து மணிக்குப் போய் நிக்கோணும். நம்ம கேஸைக் கூப்பிடறது பன்னெண்டா மூணான்னு யாருக்கும் தெரியாது. சாயங்காலம் மாடு கறக்க ஆள் வேணும். கூப்பிட்டா வாய்தா. அந்தக் கோர்ட்டுக்கு நீதிபதி போடாம இருந்தா பக்கத்துக் கோர்ட்டு நீதிபதி இன்சார்ஜா பார்ப்பார். அவருக்கு அவர் கேஸே மலையா கெடக்கும். போலீஸ்காரர் சாட்சிக்கு வரலைன்னா இன்னொரு வாய்தா. வக்கீலுக்கு ஃபீஸ், போக வர பஸ் காசு, காட்டுல ஒரு நாள் கூலி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சும்மாவா சொன்னாங்க? அதனால தப்புப் பண்ணாதவனும் ஆயிரத்தைக் கட்டிட்டு வந்துடறான். கவர்மெண்டு கணக்குல அது "குற்றத்தை ஒப்புக்கொண்டார்"னு ஏறும். உண்மையில அவன் ஒப்புக்கொண்டது குற்றத்தை இல்லை, தன்னால கோர்ட்டுக்கு அலைய முடியாதுங்கறதை.

கோர்ட்டு ஏன் இப்படி இருக்குதுன்னா, ஆள் இல்லை, காசு இல்லை. இது இன்னைக்கு நேத்துக் கதை இல்லீங்க. 1987லயே சட்டக் கமிஷன் தன்னோட 120வது அறிக்கையில, பத்து லட்சம் சனத்துக்குச் சுமார் 10 நீதிபதிதான் இருக்காங்க, 50 பேர் வேணும்னு எழுதுச்சு. 2002ல சுப்ரீம் கோர்ட்டு அஞ்சு வருசத்துல அதைச் செய்யுங்கன்னு சொல்லுச்சு. இன்னைக்கும் சுமார் 21லதான் நிக்குது. 2016 ஏப்ரல்ல அப்போதைய தலைமை நீதிபதி டி.எஸ். தாக்கூர் பிரதமர் முன்னாலயே இதைச் சொல்லிக் கண் கலங்கினார், டிவியில எல்லாரும் பார்த்தோம்.

குடுத்ததை நிறுத்தின கதையும் உண்டு. 11வது நிதிக் கமிஷன் 2000ல 502.90 கோடி ஒதுக்கி நாடு முழுக்க 1,734 விரைவு நீதிமன்றங்களுக்கு வழி பண்ணுச்சு. அஞ்சு வருசத் திட்டம், அப்புறம் நீட்டிச்சாங்க. 2011 மார்ச் 31ஓட மத்திய அரசு காசை நிறுத்திருச்சு. இனி மாநிலமே பார்த்துக்கட்டும்னுட்டாங்க. ஆன மாநிலம் நடத்துச்சு, ஆகாத மாநிலம் மூடிருச்சு. அதுக்கு அடுத்து 13வது நிதிக் கமிஷன் காலையிலயும் சாயங்காலமும் கோர்ட்டு நடத்தறதுக்குன்னே 2,500 கோடி ஒதுக்குச்சு. இந்த மாதிரிச் சில்லறைக் கேஸெல்லாம் முடிக்கறதுக்குத் தோதான திட்டம். நம்மள மாதிரி ஆளுங்களுக்குச் சாயங்காலம் ஆறு மணிக் கோர்ட்டு எவ்வளவு உதவி! ஆனா நீதித்துறைக்குன்னு அந்தக் கமிஷன் ஒதுக்கினதுல பெரும்பகுதி செலவே ஆகலை. கிணறு வெட்டக் கடன் வாங்கி, வெட்டாமயே திருப்பிக் குடுத்த கதைதான்.

கோர்ட்டு முடிக்காததால சலான் குவியுது. குவிஞ்ச பொறவு அரசாங்கங்க என்ன பண்ணுதுன்னு பாருங்க. தெலுங்கானாவுல 2022 மார்ச்ல டூவீலருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. கர்நாடகாவுல 2023 பிப்ரவரியில பாதி கட்டினாப் போதும்னாங்க, சில நாள்லயே நூறு கோடிக்கு மேல வந்துச்சு. உத்தரப் பிரதேசத்துல 2017ல இருந்து 2021 வரைக்கும் இருந்த சலான்களை மொத்தமா ரத்து பண்ணிட்டாங்க. கேக்க நல்லாத்தான் இருக்குது. ஆனா அன்னன்னைக்கே ஒழுங்கா கட்டினவன் என்ன ஆனான்? ஏமாளி ஆனான். விவசாயக் கடன் தள்ளுபடியில, தாலியை அடகு வெச்சு தவணை கட்டினவன் பார்த்துட்டு நின்னானே, அதே நிலைமை. தள்ளுபடிங்கறது சலானைத்தான் குறைக்குது, எந்தச் சலான் தப்புன்னு யாரும் பார்க்கறதே இல்லை.

மக்கள் நீதிமன்றம் இருக்கே, லோக் அதாலத்ல போய் முடிச்சுக்கலாமேன்னு சிலர் சொல்றாங்க. நல்ல ஏற்பாடுதான். ஃபீஸ் இல்லை, ஒரே நாள்ல முடியும். ஆனா அது சமரசம் பேசற எடம். ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டாத்தான் தீர்ப்பு, அதுக்கு அப்பீலும் கிடையாது. நாலு ரூவா குறைச்சுக் கட்ட அது சரி. "அந்த வண்டி என்னுதே இல்லை"ங்கறவன் எதைச் சமரசம் பேசறது?

அமெரிக்காவுல மிசௌரி மாநிலத்துல ஃபெர்குசன்னு ஒரு சின்ன ஊரு. அங்கத்து போலீசும் கோர்ட்டும் ரோட்டுப் பாதுகாப்பைப் பார்க்கறதை விட ஊர் கஜானாவுக்கு அபராதக் காசு சேர்க்கறதையே பெருசா நினைக்குதுன்னு 2015 மார்ச்ல அந்த நாட்டு நீதித்துறையே அறிக்கை குடுத்துச்சு. சின்ன அபராதத்தைக் கட்ட முடியாதவன் வாய்தா தவறி, வாரண்ட் வந்து, ஜெயிலுக்கே போனான். நாம அந்த அளவுக்குப் போகலை. ஆனா கேமராவுக்குக் காசு சுலுவா கிடைச்சு, கோர்ட்டுக் குமாஸ்தா வேலைக்கு ஆள் போடக் காசு இல்லைன்னா, வண்டி அந்தத் தடத்துலதான் போகும்.

என்ன பண்ணலாம்? எனக்குத் தோணறது மூணு.

ஒண்ணு, சலான் தப்புன்னா எழுத்துல மறுப்புக் குடுக்க இ-சேவை மையத்துலயே வழி வேணும். மோட்டார் வாகனச் சட்டம் 208வது பிரிவுல, குற்றத்தை ஒத்துக்கறவன் தபால்ல எழுதிக் காசு அனுப்பிட்டு கோர்ட்டுக்கு வராமயே முடிச்சுக்க வழி வெச்சிருக்காங்க. ஒத்துக்கறவனுக்குத் தபால் போதும்னா, ஒத்துக்காதவனோட முதல் மறுப்புக்கும் தபால் போதாதா? படத்தைப் பார்த்தாலே வேற வண்டின்னு தெரியற கேஸுக்கு எதுக்கு ஆள் நேர்ல வரோணும்?

ரெண்டு, மாசத்துக்கு ஒரு நாள் ஒரு மாஜிஸ்திரேட் எங்க பக்கம் வந்து சாயங்காலம் உக்காரட்டும். புதுக் கட்டடம் வேண்டாம், மண்டபமோ பள்ளிக்கூடமோ போதும்.

மூணு, 2008லயே கிராம நியாயாலயச் சட்டம் போட்டாங்க. நீதிபதி கிராமத்துக்கே வந்து சின்னக் கேஸ்களைக் கேக்கோணும்ங்கறதுதான் அதோட நோக்கம். ஒண்ணு ஆரம்பிக்க மத்திய அரசு ஒரு தடவை 18 லட்சம் வரைக்கும் குடுக்கும். கேரளா, கர்நாடகா எல்லாம் ஆரம்பிச்சிருக்குது, நம்ம மாநிலம் இல்லை. சிங்காநல்லூர் மாநகராட்சிக்குள்ள வந்துட்டதால எங்களுக்கு அது பொருந்தாது. ஆனா கிழக்கே சூலூர் ஒன்றியத்துச் சனத்துக்குப் பொருந்துமே. ஊராட்சித் தலைவருங்க கிராம சபையில ஒரு தீர்மானம் போட்டு அனுப்பலாம், செலவு ஒண்ணுமில்லை.

அது வர்ற வரைக்கும் நாம செய்யறதைச் செய்வோம். ஆர்.சி.யில எந்த போன் நம்பர் இருக்குதுன்னு பார்த்து நம்ம நம்பரை ஏத்துங்க. வண்டி வித்தா 14 நாளுக்குள்ள எழுதிக் குடுத்து ரசீது வாங்குங்க. கேமராச் சலான்னா படத்தைத் திறந்து நம்பர், தேதி, நேரம், எடம் நாலும் பாருங்க. அந்த நோட்டீஸை 15 நாளுக்குள்ள அனுப்போணும்னு மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ சொல்லுது. கேமரா இருக்கற எடத்துல எச்சரிக்கைப் பலகை வைக்கோணும்னும் சொல்லுது. கோர்ட்டுக்குப் போறதுன்னு முடிவு பண்ணினா சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல கேளுங்க. பொம்பளைகளுக்கும் எஸ்.சி., எஸ்.டி. சனத்துக்கும் வருமானம் பார்க்காமயே இலவச வக்கீல் உண்டு. வாட்ஸ்அப்புல சலான்னு சொல்லி ஏதாச்சும் ஃபைல் வந்தா திறக்காதீங்க, பேங்க் காசையே உறிஞ்சிருவானுக.

ஹெல்மெட்டைப் போடுங்க, தப்புன்னா கட்டுங்க. தப்பு இல்லைன்னா, "இல்லை"ன்னு ஒரு தடவையாவது எழுத்துல சொல்லிப்புடுங்க. பத்தாயிரம் பேர் சத்தமில்லாம கட்டிட்டுப் போனா, மேல இருக்கறவங்களுக்குக் கோர்ட்டுல ஆள் பத்தலைங்கறதே தெரியாது. எல்லாம் சரியா நடக்குதுன்னுதான் நினைச்சுட்டு இருப்பாங்க.